ஓட்டுநர் இல்லாத கார் ஆளை இடித்தால் யார் பதில் சொல்வது?

செம்பருத்தி எழுதியது:

தானாக ஓடும் கார் பற்றிப் பேச ஆரம்பித்தாலே, "ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவர் மேல் ஏற்றலாமா" என்ற கேள்வியில் போய் நின்றுவிடுகிறோம். அதைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, நிஜத்தில் நடந்த இரண்டு விபத்துகளை வைத்துப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலாவது, 2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவில் டெம்பி நகரம். ஊபர் நிறுவனம் சோதனைக்கு ஓட்டிக்கொண்டிருந்த வால்வோ கார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த 49 வயதுப் பெண்மணியை இடித்தது. அவர் இறந்துவிட்டார். தானியங்கி கார் இடித்து ஒரு பாதசாரி இறந்தது அதுதான் முதல் முறை. ஸ்டீயரிங் முன்னால் பாதுகாப்புக்கென ஓர் ஊழியர் உட்கார்ந்திருந்தார். அவர் கண் போனில் இருந்தது.

இரண்டாவது, 2023 அக்டோபர் 2, சான் பிரான்சிஸ்கோ. வேறொரு காரை ஓட்டி வந்த மனிதர் ஒரு பெண்ணை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டார். இடித்த வேகத்தில் அந்தப் பெண் பக்கத்துத் தடத்தில் வந்த, குரூஸ் நிறுவனத்தின் தானியங்கி வாடகைக் காரின் முன்னால் போய் விழுந்தார். அந்தக் காரில் ஓட்டுநர் கிடையாது. கார் பிரேக் போட்டது, ஆனாலும் அவர் மேல் ஏறித்தான் நின்றது. அதுவரை நடந்ததை விதி என்றுகூடச் சொல்லலாம். அதற்குப் பிறகு கார் மறுபடியும் நகர்ந்தது. அடியில் ஆள் இருப்பது தெரியாமல், ஓரமாக ஒதுங்கி நிற்பதற்காக அவரைச் சுமார் 6 மீட்டர் இழுத்துக்கொண்டு போனது. பலத்த காயங்களோடு அவர் உயிர் பிழைத்தார்.

இந்தக் கார்கள் வரவேண்டும் என்று நினைப்பவள் நான். உயிர்களைக் காக்கும் என்றும் நம்புகிறேன். ஆனால் விபத்து நடந்த மறுநாள் முழு உண்மையைச் சொல்ல வேண்டிய கடமை யாருக்கு, சொல்லாவிட்டால் யார் கூண்டில் ஏறுவது என்பதை முடிவுசெய்யாமல் இவற்றைத் தெருவில் விடுவது தவறு. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.


பாலைவனத்தான் எழுதியது:

நான் பீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லரில் இருக்கிறேன். இங்கே 2020 அக்டோபரிலிருந்தே பொதுமக்கள் வேமோ நிறுவனத்தின் ஓட்டுநர் இல்லாத வாடகைக் காரில் போக முடிகிறது. ஏறாமல் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால் அது எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளை ஜாகுவார் வந்து நிற்கும். கூரைமேல் இருக்கும் குமிழில் நம் பெயரின் முதலெழுத்து ஒளிரும், அதை வைத்து நம் வண்டி என்று தெரிந்துகொள்ளலாம். போனிலேயே கதவைத் திறந்து, ஏறி, பெல்ட் போட்டுப் பொத்தானை அழுத்தினால் கிளம்பிவிடும். ஆளில்லாத இருக்கைக்கு முன்னால் ஸ்டீயரிங் தானாகத் திரும்புவதைப் பார்க்கும்போது முதலில் வயிற்றைப் பிசையும். ஓரிரு சிக்னல் தாண்டியதும் பழகிவிடும். நம்மைச் சுற்றிலும் என்ன நடமாடுகிறது என்பதைத் திரையில் உருவங்களாகக் காட்டும். நிறுத்தியிருக்கும் வேனுக்கு அந்தப் பக்கம் ஒருவர் நடந்து வருவது என் கண்ணுக்குத் தெரியும் முன்பே திரையில் வந்துவிடும். அதற்கேற்ப வேகமும் குறையும்.

அது குடிப்பதில்லை, தூங்கி வழிவதில்லை, பின்சீட்டில் பிள்ளைகள் சண்டை போட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. 2025 ஜனவரி வரை வேமோ கார்கள் ஓட்டுநர் இல்லாமல் ஓடிய 5.67 கோடி மைலை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அதே நகரங்களில் மனிதர்கள் ஓட்டுவதோடு ஒப்பிட்டால், கடுமையான காயம் ஏற்படும் விபத்துகள் 85 சதவீதம் குறைவு. பாதசாரிகள் காயப்படும் விபத்துகள் 92 சதவீதம் குறைவு. உலகத்தில் ஆண்டுக்கு 11.9 லட்சம் பேர் சாலையில் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தக் குறைவில் பாதி கிடைத்தால்கூட எத்தனை குடும்பம் பிழைக்கும்! டெம்பியில் இறந்தவருக்காக நானும் வருந்துகிறேன். ஆனால் அன்றைக்கே அமெரிக்காவில் மனிதர்கள் ஓட்டிய வண்டிகளால் நூறு பேர் வரை இறந்திருப்பார்கள். அவர்களுக்காக யாரும் இழை தொடங்குவதில்லை.


கணக்கு வாத்தியார் எழுதியது:

பாலைவனத்தான் கொடுத்த எண்கள் சரிதான். ஆனால் அந்த ஆய்வை எழுதியவர்கள் வேமோ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். மற்ற ஆய்வாளர்கள் மதிப்பிட்ட பிறகே இதழில் வந்தது என்பதால் நான் அதைத் தள்ளிவிடவில்லை.

என் கவலை வேறு. அமெரிக்கச் சாலைகளில் 10 கோடி மைலுக்கு ஒன்றேகால் மரணம் என்பது சராசரி. அப்படியென்றால் 5.67 கோடி மைலில் மனிதர்கள் ஓட்டியிருந்தாலும் மரணம் ஒன்றைக்கூட எட்டியிருக்காது. காயங்கள் குறைந்தன என்று நம்பிச் சொல்லலாம். உயிரிழப்பு குறையும் என்று அடித்துச் சொல்ல இந்தத் தூரம் போதாது. ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 2016இல் ஒரு கணக்குப் போட்டது: மனிதர்களைவிட மோசமில்லை என்பதை 95 சதவீத உறுதியோடு காட்ட, ஒரு மரணம்கூட இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட்டியாக வேண்டும். அதிலும் இந்த மைல்கள் எல்லாம் பீனிக்ஸ், லாஸ் ஏஞ்சலிஸ் மாதிரி பனி விழாத ஊர்களில் ஓடியவை.

இன்னொன்று. "விபத்துகளில் 94 சதவீதம் மனிதத் தவறு, அதனால் மனிதனை எடுத்துவிட்டால் 94 சதவீதம் போய்விடும்" என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2015இல் வெளியிட்ட குறிப்பில் இருக்கும் எண் அது. விபத்துக்கு முன் நிகழ்ந்த சங்கிலியில் கடைசிக் கண்ணி எது என்பதைத்தான் அது எண்ணியது. அதைக் காரணம் என்றோ குற்றம் என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது என்று அந்தக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை.


நாமக்கல் டீசல் எழுதியது:

வாத்தியார் சொன்ன கடைசிக் கண்ணியை நான் கண்ணால் பார்த்து வளர்ந்தவன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக லாரி. ராத்திரி மூன்று மணிக்கு டோல்கேட் தாண்டி வண்டியை ஓரங்கட்டி, கேன் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு மறுபடி ஏறுவார் டிரைவர். மாற்று டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் சரக்கு ரசீதும் கெடு நேரமும்தான் இருக்கும். அவர் கண்ணசந்து முன்னால் போகும் டிரெய்லரில் மோதினால், எப்ஐஆரில் "ஓட்டுநரின் அஜாக்கிரதை" என்று ஒரு வரி. ஒற்றை ஆளாக அனுப்பியவர் பெயர் எங்கேயும் வராது.

2022இல் இந்தியாவில் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம். இதற்குத் தீர்வு வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு டிரைவர் போடு, எட்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டவிடாதே என்று கேட்டால் கட்டுப்படியாகாது என்கிறார்கள். டிரைவரே இல்லாத வண்டிக்கு மட்டும் கோடி கோடியாகப் பணம் எங்கிருந்து வருகிறது?

டெக்சாஸில் டல்லாஸுக்கும் ஹூஸ்டனுக்கும் இடையே 2025 மே மாதம் அரோரா நிறுவனம் ஓட்டுநர் இல்லாத டிரக்கை விட்டது. சில வாரங்களில் டிரக் தயாரித்த கம்பெனி கேட்டுக்கொண்டதால் முன்சீட்டில் ஓர் ஆளை மறுபடி உட்காரவைத்தார்கள். அந்தத் தொழில்நுட்பம் என்றைக்காவது இங்கே வரும்போது ஐம்பது வயது டிரைவருக்கு என்ன வேலை கொடுப்பீர்கள்? நிதின் கட்கரி 2017இலும் 2023இலும் ஓட்டுநர் இல்லாத காரை இந்தியாவுக்குள் விடமாட்டேன், வேலை போகும் என்று சொன்னார். மற்ற விஷயங்களில் எப்படியோ, இதில் நான் அவர் பக்கம்.


நிரலோடை எழுதியது:

சென்சார் மென்பொருளில்தான் என் பிழைப்பு. டெம்பி பற்றி அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கொடுத்த அறிக்கையை எங்கள் துறையில் எல்லோரும் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அதில் இருப்பதைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவுசெய்யுங்கள்.

அந்தப் பெண்மணியைக் கார் பார்க்கவில்லை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பார்த்தது. மோதுவதற்கு 5.6 நொடி முன்பே ராடாரில் பட்டுவிட்டார். அது நிதானமாக நிறுத்தப் போதுமான நேரம். ஆனால் மென்பொருள் அவரை முதலில் வாகனம் என்றது, பிறகு இன்னதென்று தெரியாத பொருள் என்றது, பிறகு சைக்கிள் என்றது, மறுபடி மாற்றியது. ஒவ்வொரு முறை பெயரை மாற்றும்போதும் அதுவரை அவர் நகர்ந்து வந்த பாதையை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தது. அதனால் அவர் நம் தடத்தை நோக்கி வருகிறார் என்ற ஊகமே அதற்குக் கிடைக்கவில்லை. கடக்கும் கோடு இல்லாத இடத்தில் ஒரு மனிதர் சாலையைக் கடக்கக்கூடும் என்பதை அந்த மென்பொருளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மோதல் உறுதி என்று தெரிந்தபோது மிச்சம் இருந்தது 1.2 நொடி. அப்போதும் உடனே பிரேக் பிடிக்காது. தவறான எச்சரிக்கைகளால் கார் அடிக்கடி குலுங்கி நிற்கக்கூடாது என்பதற்காக ஒரு நொடி காத்திருக்கும்படி எழுதியிருந்தார்கள். வால்வோ காரில் பிறவியிலேயே இருக்கும் அவசர பிரேக் வசதியையும், தங்கள் கருவிகளின் வேலையோடு குழம்பும் என்று அணைத்து வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் காரில் இரண்டு ஊழியர்கள் போவார்கள், விபத்துக்குச் சில மாதம் முன்புதான் ஒருவராகக் குறைத்தார்கள். அந்தப் பெண்மணி கடந்த இடத்தில் நடுத்திட்டில் அழகாகச் செங்கல் பதித்த பாதை இருந்தது. பக்கத்தில் "இங்கே கடக்காதீர்கள்" என்ற பலகையும் இருந்தது.

இவை ஒவ்வொன்றும் ஓர் அலுவலகத்தில், ஒரு கூட்டத்தில், ஒருவர் சரியென்று சொல்லி எடுத்த முடிவு. 2019 மார்ச்சில் அரசு வழக்கறிஞர் ஊபர் மீது குற்றவழக்குப் போட முகாந்திரம் இல்லை என்றார். 2020இல் வழக்கு வந்தது உள்ளே உட்கார்ந்திருந்த ஊழியர் மேல் மட்டும். 2023இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு பெற்றார். அவர் செய்தது தவறு, சந்தேகமில்லை. ஆனால் நாமக்கல் சகோ சொன்ன அந்த எப்ஐஆர் வரிக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 2020 கடைசியில் ஊபர் இந்தப் பிரிவையே அரோராவுக்குக் கைமாற்றிவிட்டது, அதாவது மேலே நாமக்கல் சகோ சொன்ன டிரக் கம்பெனிக்கு.


வாணி எழுதியது:

எனக்குப் பார்வை கிடையாது. இந்த இழையைத் திரைவாசிப்பான் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சான் பிரான்சிஸ்கோவில் வேலை.

வழிகாட்டி நாயோடு நிற்கும் என்னைப் பார்த்துவிட்டுப் பயணத்தை ரத்துசெய்து போன டாக்சி டிரைவர்கள் உண்டு. கார் வந்து, வேகத்தைக் குறைத்து, அப்புறம் கிளம்பிப் போகிற சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும். ராத்திரி தனியாக ஏறியபோது பேச்சுக்கொடுத்துக்கொண்டே வீட்டு விலாசம் கேட்டவர்களும் உண்டு. ஓட்டுநர் இல்லாத காரில் இந்த இரண்டும் இல்லை. நினைத்த நேரத்துக்கு யாரையும் கெஞ்சாமல் வெளியே போவது எப்படிப்பட்ட விஷயம் என்று கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். 2015இலேயே ஆஸ்டினில் கூகுள் கார் முதன்முதலாகப் பொதுச்சாலையில் தனியாகக் கூட்டிப்போனது பார்வையற்ற ஒருவரைத்தான்.

குறையும் இருக்கிறது. கார் சில சமயம் சொன்ன இடத்தில் நிற்காமல் கொஞ்சம் தள்ளி நிற்கும். செயலியில் அழுத்தினால் ஒலி எழுப்பும், அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போவேன். ஆனால் நடுவில் தோண்டிப்போட்ட பள்ளம் இருந்தால் "அம்மா, இப்படி வாங்க" என்று கையைப் பிடிக்க ஆள் இல்லை. சக்கர நாற்காலியை ஏற்றும் வண்டி வேண்டுமென்றால் இன்னமும் மனிதர் ஓட்டும் வண்டிதான் வருகிறது.

நாமக்கல் அண்ணாவின் கவலையை நான் மதிக்கிறேன். அதே நேரம், தடை போடும்போது யாருடைய நடமாட்டத்தைத் தடுக்கிறோம் என்பதையும் கணக்கில் எடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.


நாமக்கல் டீசல் எழுதியது:

நீங்கள் சொல்வதை நான் யோசித்ததே இல்லை, தங்கச்சி. டாக்சிக்கு ஒரு நியாயம், சரக்கு லாரிக்கு ஒரு நியாயம் என்று பிரித்துத்தான் பேச வேண்டும் போலிருக்கிறது. லாரி விஷயத்தில் நான் சொன்னதில் மாற்றமில்லை.


மருதம் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் தொடக்கப் பதிவு ஒதுக்கிய கேள்வியை நான் ஒதுக்க மாட்டேன். தவிர்க்க முடியாத விபத்தில் கார் யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று மக்களிடம் கேட்டு, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் நடத்திய மாரல் மெஷின் ஆய்வில் 233 நாடுகள், பகுதிகளிலிருந்து நான்கு கோடி முடிவுகள் சேர்ந்தன. முதியவரா குழந்தையா என்று வந்தபோது ஊருக்கு ஊர் பதில் மாறியது. 2016இல் வந்த இன்னோர் ஆய்வில், அதிகம் பேரைக் காப்பாற்றும் கார்தான் நல்லது என்று சொன்னவர்களே, தாங்கள் வாங்கப்போவது உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும் காரைத்தான் என்றார்கள். எந்த மாதிரிக் கார் விற்கும் என்பது இதிலேயே தெரிகிறது. வெளியே நடப்பவனுக்காக யார் பேசுவது?


செம்பருத்தி எழுதியது:

மருதம், ஜெர்மனி அதற்கு 2017லேயே ஒரு பதில் எழுதி வைத்தது. அரசு அமைத்த நெறிமுறைக் குழு 20 விதிகள் கொடுத்தது. தவிர்க்கவே முடியாத விபத்தில் வயது, பாலினம், உடல்நிலை என்று ஆளைத் தரம்பிரித்து முடிவெடுக்கவே கூடாது என்பது அதில் ஒன்று. எனக்கு அது போதுமான பதிலாகப் படுகிறது. வெளியே நடப்பவருக்காகப் பேசுவது யார் என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வி டெம்பியில் ஒரு நொடி காத்திருக்கும்படி எழுதியபோதே வந்துவிட்டது. உள்ளே இருப்பவருக்குக் குலுங்கக்கூடாது என்று நினைத்த இடம் அது. அங்கே ஐந்து பேரா ஒருவரா என்ற சிக்கல் எதுவும் இல்லை.

இப்போது குரூஸுக்கு வருகிறேன். கார் ஏன் மறுபடி நகர்ந்தது? மோதல் பக்கவாட்டில் நடந்ததாக அது தவறாகக் கணித்தது. அப்படியென்றால் போக்குவரத்தை மறிக்காமல் ஓரமாக ஒதுங்க வேண்டும் என்பது அதற்கு எழுதிய விதி. இதைத் தொழில்நுட்பப் பிழை என்று ஏற்கலாம், திருத்தவும் செய்தார்கள், 950 கார்களுக்கு மென்பொருள் மாற்றினார்கள்.

மறுநாள் அதிகாரிகளோடு கூட்டம் நடந்தது. அதற்குள் கார் இழுத்துப்போனது நிறுவனத்தில் பலருக்குத் தெரியும். நிறுவனமே அமர்த்திய சட்ட நிறுவனம் 2024 ஜனவரியில் கொடுத்த அறிக்கையில் இது இருக்கிறது. வீடியோவைப் போட்டுக் காட்டினால் அதுவே பேசிக்கொள்ளும் என்று வாயால் எதுவும் சொல்லாமல் இருந்தார்கள். இணைய இணைப்பு தடங்கலாகி வீடியோ சரியாக ஓடவில்லை. அப்போதும் ஒருவர்கூட "அவரை இழுத்துக்கொண்டு போனது" என்று சொல்லவில்லை. பத்திரிகைகளுக்கும் முதலில் இடித்துவிட்டு ஓடிய அந்த டிரைவரைப் பற்றித்தான் பேசினார்கள். அக்டோபர் 24 அன்று கலிபோர்னியா போக்குவரத்துத் துறை அனுமதியை நிறுத்திவைத்தது. பின்னர் அமெரிக்க மத்திய அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 15 லட்சம் டாலர் அபராதம் போட்டது. பொய்யான அறிக்கை கொடுத்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டு நீதித்துறைக்கு 5 லட்சம் டாலர் கட்டியது. 2024 டிசம்பரில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் வாடகைக் கார் திட்டத்தையே மூடிவிட்டது.

ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அந்த வாக்கியத்தை அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் அடுத்தவர் சொல்வார் என்று விட்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மனிதர் ஓட்டும் காரில் அப்படி விட ஆள் கிடையாது.


நிரலோடை எழுதியது:

இதோடு சேர்த்து ஒன்று. 2025 செப்டம்பரில் கலிபோர்னியாவில் சான் புரூனோ போலீஸ், தங்கள் கண்ணெதிரே தடைசெய்த இடத்தில் யூ-டர்ன் அடித்த வேமோவை மடக்கினார்கள். உள்ளே ஆள் இல்லை. யார் பெயரில் அபராதச் சீட்டு எழுதுவது? நிறுவனத்துக்குத் தகவல் சொல்லிவிட்டு அனுப்பிவிட்டார்கள். விதிமீறலுக்கு நிறுவனத்துக்கே நோட்டீஸ் கொடுக்கும் சட்டம் 2024இல் நிறைவேறியது, ஆனால் அமலுக்கு வரும் தேதி 2026 ஜூலை என்று வைத்தார்கள்.

தீயணைப்புப் பணிக்கு இந்தக் கார்கள் இடையூறு செய்த சம்பவங்கள் ஐம்பதுக்கும் மேல் என்று சான் பிரான்சிஸ்கோ தீயணைப்புத் துறை 2023இல் பட்டியலே போட்டது. 2025 டிசம்பரில் ஊரில் மின்சாரம் போய் சிக்னல்கள் அணைந்தபோது பல கார்கள் சந்திப்பிலேயே நின்றுவிட்டன. இப்படி நிற்பதால் யாரும் சாகாமல் இருக்கலாம். ஆம்புலன்ஸ் பின்னால் காத்திருந்தால் அந்தக் கணக்கு எந்த ஆய்விலும் வராது.


கணக்கு வாத்தியார் எழுதியது:

டெஸ்லாவின் ஆட்டோபைலட்டை யாரும் பேச்சில் இழுக்காததும் நல்லதுதான், அது வேறு வகை. ஸ்டீயரிங் பிடித்த ஆளுக்கே பொறுப்பு என்ற இரண்டாம் நிலை உதவி அது. இருந்தாலும் புளோரிடாவில் 2019இல் நடந்த விபத்து வழக்கில், 2025 ஆகஸ்டில் ஜூரி நிறுவனத்துக்கும் 33 சதவீதப் பொறுப்பு உண்டு என்று சொல்லி சுமார் 24 கோடி டாலர் கட்டச் சொன்னது. பொறுப்பு முழுவதும் டிரைவர் தலையில் என்ற காலம் மெல்ல மாறுகிறது.


செம்பருத்தி எழுதியது:

வாத்தியார் சொன்னதோடு பிரிட்டன் 2024இல் கொண்டுவந்த சட்டத்தையும் வையுங்கள். கார் தானாக ஓடும்போது நடப்பதற்கு அனுமதி பெற்ற நிறுவனம்தான் பொறுப்பு, உள்ளே இருப்பவர் அல்ல. கவனமும் திறமையும் உள்ள மனித ஓட்டுநரின் அளவுக்காவது பாதுகாப்பாக ஓட வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நான் தேடிக்கொண்டிருந்ததும் அதில் இருக்கிறது: பாதுகாப்பு பற்றிய தகவலை மறைத்தாலோ பொய்யாகக் கொடுத்தாலோ குற்றம். தெரிந்தே அதற்கு இடம்கொடுத்த மேலதிகாரியும் குற்றவாளி. உயிரிழப்பு நேர்ந்திருந்தால் தண்டனை கூடும். குரூஸ் கூட்டம் நடந்த அந்த அறையில் இப்படி ஒரு சட்டம் தலைக்குமேல் இருந்திருந்தால் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருப்பார்.


அலமேலு எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். பாலைவனத்தான் தம்பிக்கு ஒரே கேள்வி. உங்கள் பிள்ளையைத் தனியாக அதில் ஏற்றி அனுப்புவீர்களா?


பாலைவனத்தான் எழுதியது:

அக்கா, இங்கே 2025 ஜூலையிலிருந்து 14 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு கொடுக்கிறார்கள். என் மகளுக்கு வயது 15. பள்ளியிலிருந்து நூலகத்துக்கும், அங்கிருந்து வீட்டுக்கும் அனுப்புகிறேன். கார் எங்கே போகிறது என்று என் போனில் தெரியும். அவளோடு படிக்கும் பிள்ளைகள் புதிதாக உரிமம் வாங்கி ஓட்டும் காரில் அனுப்புவதைவிட இதில் எனக்கு நிம்மதி அதிகம்.

ஆனால் குரூஸ் விஷயத்தை இங்கே முழுதாகப் படித்த பிறகு ஒன்று உறுத்துகிறது. ஏதாவது நடந்தால் உள்ளேயும் வெளியேயும் இருக்கும் கேமராக்களின் முழுப் பதிவைப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு உண்டா, எத்தனை நாளுக்குள் கிடைக்கும்? நிறுவனத்துக்கும், எங்கள் பகுதியின் மாநில சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும் எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.